ஏழு பெரிசா, மூணு பெரிசா?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூளையை விசாரியுங்கள். உங்களுடையதை அல்ல, பெட்டிக்குள் இருக்கிற பிராஸசரை!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருமாகறலீசர் கோயிலுக்குப் போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். அங்கே தெரிந்த பெண் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைக்கிறார். பட்டா, சிட்டா பிரின்ட் அவுட், பிள்ளைகளுக்கு ஆன்லைன் அப்ளிகேஷன்... முதலீடு, மகளிர் குழுக் கடன். போன் வந்தது.

“அண்ணா, பழசுதான். ஆனா ஐ7! புதுசுன்னா அதே காசுக்கு ஐ3கூட வராதாம். எது வாங்க?”

“முழு நம்பரைப் படிம்மா.”

“ஐ7-3770.”

ஒண்ணாங்கிளாஸ் கணக்கில் மூன்றைவிட ஏழு பெரிசு. இங்கே அப்படியில்லை சார். பின்னால் வருகிற 3 என்பது மூன்றாம் தலைமுறை. 2012-ல் வந்தது. 2022-ல் வந்த ஐ3-12100, பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டுக்கும் 4 கோர்தான். ஆனாலும் வேகத்தில் ஐ3 அதைச் சுலபமாக முந்திவிடும். ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் ஒரு பதவி, அவ்வளவுதான். ரிடையரான தாசில்தாருக்கு மரியாதை உண்டு; கையெழுத்துப் போட முடியாது!

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஊரார் ஆதார் நகலெல்லாம் வந்து போகிற மிஷினில் பூட்டில்லாத கதவு எதற்கு?

அதற்காகப் புது ஐ7-க்குத் தாவவும் வேண்டாம். பில், டைப்பிங், பிரின்ட்டுக்கு ஐ3 தாராளம். மிச்சத்தை 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். நம்பரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் மட்டும் உஷார்! படம் காட்டும் சமாசாரம் அதில் கிடையாது; கிராஃபிக்ஸ் கார்டு தனிச் செலவு.

பி.காம். படித்த புத்தி, ஒரு கணக்கும் சொல்கிறேன். வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவிகிதம் தேய்மானம். 40,000 ரூபாய் மிஷின் இரண்டே வருஷத்தில், ஏட்டில் 14,400 ரூபாய்!

“அப்போ பழசு வேணாம்ங்கிறீங்க?”

“மிஷின் படுத்துக்கிட்டா, தவணை படுத்துக்காதும்மா.”

ஐ3-க்கே சொல்லிவிட்டார். கூடுதல் பணத்துக்கு, வாங்க நினைத்த கலர் பிரின்டரைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளையில் தொடங்கினால் என்ன, கடை ஓடினால் கலர் தானாக வரும்.