சுழியம் சொல்லும் சேதி

யூனிக்ஸ் இயக்கமுறைமையில் ஒவ்வோர் ஆணையும் முடியுங்கால் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். சுழியம் எனின் வெற்றி; 1 முதல் 255 வரை எதுவாயினும் பொதுவாகக் குறை. ஆணையே கிடைக்கவில்லையெனில் 127. வெற்றிக்குச் சுழியமா என மாணவர் வியப்பர். வெற்றி ஒருவகைத்து, தோல்வி பலவகைத்து என்றால் தெளிவர். குறித்த பொழுதில் ஆணைகளை இயக்கும் கிரானோ பொதுவாக இவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. ஆணை ஏதேனும் எழுத்தை வெளியிட்டால் அதனை உரியவர்க்கு அஞ்சலாக்கும், அவ்வளவே.

யான் அறிந்த நூலகமொன்றில் அரபுத் தமிழ்ச் சுவடிகளின் படிமங்களை இரவுதோறும் படியெடுக்கும் பணி அமைந்திருந்தது. அஞ்சல் தொல்லையென்று வெளியீடு முழுவதையும் ‘டெவ் நல்’ என்னும் பாழ்ங்கிணற்றில் தள்ளியிருந்தனர். டார் ஆணை கோப்புறையைக் காணாது தோற்றது. அதனைக் குழாய்வழித் தொடர்ந்த ஜிசிப் தன் வேலையைச் செவ்வனே முடித்துச் சுழியம் தந்தது. குழாயின் கடைசி ஆணை தரும் எண்ணையே பாஷ் ஏற்கும். ‘பைப்ஃபெயில்’ இட்டு, எண் சுழியமன்றெனில் மடல் விடுக்குமாறு ஓரடி எழுதியிருப்பின் மறுநாளே தெரிந்திருக்கும்.

வட்டு பழுதுற்ற நாளில் எஞ்சியவை வெற்றுக் கோப்புகளே. சுவடிகளோ முன்னரே உடையவர்களிடம் திரும்பிவிட்டன. இப்பொழுது அவ்வீடுகளின் கதவுகளை மீண்டும் தட்டிக்கொண்டிருக்கிறோம்.