பாரிஸில் ஐந்து இரவு: அறை தேடிய கதை



மே மாதம் நாங்கள் பாரிஸ் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து என் பழைய மாணவர்கள் பலர் உள்பெட்டியில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டீச்சர், எந்த ஓட்டல்ல தங்கினீங்க? அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போகணும்." பெயரைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம். ஆனால் எங்களுக்குப் பொருந்திய இடம் உங்கள் அப்பா அம்மாவுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எப்படித் தேடினேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். முப்பத்துநான்கு வருடம் கம்பம் ஏறி இறங்கிய முழங்கால் இப்போது இரண்டு மாடி ஏறினாலே வீங்கிவிடுகிறது. சமதளத்தில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார். படி என்றால் கைப்பிடி வேண்டும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்கலாம் என்றால், "நான் என்ன நோயாளியா?" என்பார். இரண்டு வருடம் முன்பு சொந்தக்காரர்களோடு கொடைக்கானல் போனபோது அவர்கள் பிடித்திருந்த விடுதி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. முதல் நாள் சாயங்காலமே, "நீ போயிட்டு வா, நான் ரூம்லயே இருக்கேன்" என்றுவிட்டார். மூன்று நாளும் அதே பேச்சுதான். பாரிஸில் அந்தப் பேச்சு வரக்கூடாது என்பதுதான் நான் எனக்கு வைத்துக்கொண்ட ஒரே நிபந்தனை.

மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அம்மா, ஜன்னல்ல ஈபிள் டவர் தெரியற மாதிரி ரூம் போடறேன். காசப் பத்திக் கவலைப்படாதீங்க." நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஓய்வூதியச் சேமிப்பில் போய்வருவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அதோடு, கோபுரம் தெரிகிற ஜன்னலுக்குக் கொடுக்கிற காசு அவருடைய முழங்காலுக்கு ஒரு உதவியும் செய்யாது.

முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தியவள் நான். எனவே வரைபடத்திலிருந்து தொடங்கினேன். பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. 1860-இல் செய்த பிரிவு. நடுவில் லூவ்ர் இருக்கும் இடம் 1. அங்கிருந்து நத்தை ஓட்டைப் போலக் கடிகாரச் சுற்றில் சுழன்று 20 வரை போகும். ஓட்டல் முகவரியில் 75010 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணைப் பாருங்கள், அது பத்தாவது வட்டாரம். 75018 என்றால் பதினெட்டு. முகவரியைப் பார்த்ததும் இடம் கண்முன் வந்துவிடும்.

இன்னொன்று. பாரிஸின் பரப்பளவு ஏறக்குறைய 105 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426. சென்னையில் கால் பங்குதான் பாரிஸ். ஆகவே நகரத்தின் நட்டநடுவில் தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. வாசலில் என்ன பேருந்து, என்ன ரயில் என்பதுதான் முக்கியம். நகருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் அறைகளை மட்டும் தவிர்த்தேன். அங்கிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப முடியும். மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்து எழ வேண்டியவருக்கு அது ஒத்துவராது.

அடுத்து மேடு பள்ளம். படங்களில் மிக அழகாகத் தெரிவது மோன்மார்த்ர். அது சுமார் 130 மீட்டர் உயரமுள்ள குன்று. அங்கிருக்கும் வெள்ளைத் தேவாலயத்துக்குப் போகும் ஒரு தெருவே 222 படிக்கட்டுதான். பக்கத்தில் இழுவை ரயில் உண்டு, ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம். தினமும் அங்கே ஏறி இறங்கிக் குடியிருக்க முடியாது.

மெட்ரோ விஷயத்திலும் கவனம் வேண்டும். பாரிஸ் மெட்ரோ 1900-இல் தொடங்கியது. பழைய நிலையங்களில் பெரும்பாலும் படிதான். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருப்பது 14-ஆம் எண் தடத்தில் மட்டுமே. ஆனால் நகரப் பேருந்துகள் தாழ்தளப் பேருந்துகள். ஏறுவதற்குச் சிரமம் இல்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். நாங்கள் போனபோது பேருந்துக்கு 2 யூரோ, மெட்ரோவுக்கு 2.50. ஆகவே நல்ல பேருந்துத் தடம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் அருகில் ஓட்டல் தேடினேன்.

இப்படித் தேடி வந்து நின்ற இடம் கார் து நோர், அதாவது வடக்கு ரயில் நிலையத்துக்கும் கிழக்கு ரயில் நிலையத்துக்கும் நடுவே உள்ள தெருக்கள். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நேராக ஒரே ரயில், சுமார் அரை மணி நேரம், நடுவில் மாற வேண்டியதில்லை. 38-ஆம் எண் பேருந்து அங்கிருந்து நோத்ர தாம் தேவாலயம் இருக்கும் தீவு வழியாக லுக்சம்பூர் பூங்கா வரை போகிறது. தரை சமதளம். ரயில் நிலையப் பகுதி சத்தமாக இருக்கும், ஜேப்படித் திருடர் உண்டு என்று பலரும் எழுதியிருந்தார்கள். உண்மைதான். எழும்பூரில் இறங்கிப் பழகியவர்களுக்கு அது பெரிய பயமில்லை. பணத்தை உள்பையில் வைத்துக்கொண்டோம். தெருப் பக்கம் இல்லாமல் உள்முற்றத்தைப் பார்த்த அறை கேட்டோம்.

இனி ஓட்டலின் உள்ளே. நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து கொடுக்கிறார்கள். அறையின் அளவு, வசதிகள், ஊழியர்கள் பேசும் மொழிகள் இவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். இரண்டு நட்சத்திரத்தில் இருவர் தங்கும் அறை 9 சதுர மீட்டர் இருந்தாலே போதும். நம் ஊர்க் கணக்கில் சுமார் 97 சதுர அடி. இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. கட்டிலும் அப்படித்தான். இருவர் கட்டில் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலம். வலிக்கிற காலை நீட்டிப் படுப்பவருக்குத் தனித்தனிக் கட்டில் கேட்பது நல்லது.

ஆனால் வாசலில் எத்தனை படி என்று நட்சத்திரம் சொல்லாது. பாரிஸின் பழைய கட்டடங்கள் பல 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. லிஃப்டைப் பிற்பாடு மாடிப்படிச் சுற்றின் நடுவில் நுழைத்திருப்பார்கள். ஓர் ஆள், ஒரு பெட்டி போனால் நிறைந்துவிடும். சில இடங்களில் அரை மாடி ஏறிப் போய்த்தான் லிஃப்டைப் பிடிக்க வேண்டும். விளம்பரத்தில் "லிஃப்ட் உண்டு" என்றுதான் இருக்கும். அது பொய்யும் இல்லை.

அதனால் மூன்று ஓட்டல்களுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து கேள்வி. தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? லிஃப்டிலிருந்து அறை வரை படி உண்டா? குளியலறையில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, தரையோடு குளிக்கும் இடமா? இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் உண்டா? ஏ.சி. உண்டா? கடைசிக் கேள்வியைப் பார்த்து மகள் சிரித்தாள், "ஐரோப்பாவுல ஏ.சி.யா?" என்று. 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. 2003 வெயிலில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். கோடையில் போகிறவர்கள் கட்டாயம் இதைக் கேளுங்கள்.

ஒரு ஓட்டல் பதிலே போடவில்லை. இன்னொன்று, "எங்கள் ஓட்டல் மிக வசதியானது" என்று மட்டும் எழுதியது. மூன்றாவது ஓட்டலிலிருந்து ஒரு பெண் எழுதினார். வாசலில் ஒரு படி, லிஃப்ட் வரை வேறு படி இல்லை, ஆனால் லிஃப்ட் சிறியது, இரண்டு பேர் பெட்டியோடு ஏற முடியாது, இரண்டாம் மாடியில் தரையோடு குளிக்கும் அறை ஒன்று இருக்கிறது, வேண்டுமென்றால் ஒதுக்கி வைக்கிறேன் என்று. குறையையும் சேர்த்து எழுதிய அந்த ஓட்டலையே எடுத்தேன். கணினியில் தெருப் படங்களைத் திறந்து, ரயில் நிலைய வாசலிலிருந்து ஓட்டல் கதவு வரை நானே ஒருமுறை "நடந்து" பார்த்தேன். எங்கே உட்காரப் பெஞ்ச் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

வாடகை வீடு எடுத்தால் சமைத்துச் சாப்பிடலாமே என்று நாத்தனார் கேட்டார். பாரிஸில் தாம் குடியிருக்கும் வீட்டைப் பயணிகளுக்கு வருடத்தில் 90 நாளுக்கு மேல் விடக்கூடாது என்று 2025 முதல் விதி வந்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போவதுதான் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ராத்திரி இவருக்கு ஏதாவது என்றால் கீழே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பணம் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் காட்ட வேண்டும். விசா கிடைக்கும் முன்பே அறை பிடித்தாக வேண்டும். எனவே திரும்பத் தராத மலிவு விலையைத் தொடாதீர்கள். ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள், விசா வந்தபிறகு யோசிக்கலாம். நகர வரி தனி. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நட்சத்திரத்துக்கு ஏற்ப வாங்குவார்கள். காலை உணவைச் சேர்க்காமல் எடுத்தோம். தெருமுனையில் ரொட்டிக்கடை இருந்தது. ஆ, ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டு போங்கள். ஏன் என்று அங்கே போனதும் புரியும்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் அது வந்தே விட்டது. "நீ லூவ்ருக்குப் போயிட்டு வா. நான் ரூம்லயே இருக்கேன்." முந்தின நாள் கொஞ்சம் அதிகமாக நடந்துவிட்டோம், முழங்கால் வீங்கியிருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனால் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாலு மணிக்குத் திரும்பினால் அறையில் ஆளைக் காணோம். வரவேற்பில் இருந்த பெண், பதினொரு மணிக்கே வெளியே போனார் என்றார். ஐந்து மணிக்குக் கையில் ஒரு பையோடு வந்தார். பையில் கறிவேப்பிலையும் முறுக்கும்! ஓட்டலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷபேல். 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இவர் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருக்கிறார். ஒரு மளிகைக்கடைக்காரர், "ஐயா, இந்தியாவில எவடம்?" என்று கேட்டு நாற்காலி போட்டிருக்கிறார். கடைப் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து எரியவில்லையாம். அது ஏன் எரியவில்லை என்று இவர் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

ராத்திரி படுத்துக்கொண்டு சொன்னார்: "அந்தத் தம்பி இங்க வந்தப்ப ஆறாம் மாடியில ஒரு சின்ன ரூமாம். லிஃப்ட் இல்ல. எட்டுப் பேர் முறை வச்சுத் தூங்குவாங்களாம். நாம படிய எண்ணி எண்ணி ரூம் பிடிச்சிருக்கோம்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல வேளை எண்ணினே" என்றார்.

மறுநாள் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும், எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் பின்னால் நடந்தேன். கடைக்காரர் தேநீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பெயர்ப்பலகை எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு அறை போடும்போது, அவர்கள் உங்களோடு வருகிற நாளை மட்டும் நினைக்காதீர்கள். வர முடியாத நாளில் அவர்கள் தனியாகக் கதவைத் திறந்து எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்று பாருங்கள். ஒரு ரொட்டிக்கடை, ஒரு பெஞ்ச், பேச்சுக்கு ஓர் ஆள், இவை நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். அந்த ஐந்து கேள்விகளையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.