பாலைவனத்து வானொலியும் பூதிகோட்டைக் கம்பியும்

கோலார் தங்கவயலில் நான் வணிகவியல் நடத்தும் கல்லூரியில், எல்எம்எஸ் என்கிற கற்றல் மேலாண்மை மென்பொருள் என்றதும் மாணவர்களுக்கு இரண்டு வேலைகள்தான் நினைவுக்கு வரும். பிடிஎஃப் இறக்க வேண்டும், அசைன்மென்ட் ஏற்ற வேண்டும். ஆசிரியர்களான எங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முன்னால், எத்தனை பாடங்கள் ஏற்றியிருக்கிறோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாடு கட்டாயமாயிற்று. மறு ஆண்டே கர்நாடக அரசு தன் பட்டக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் என்று ஒரு எல்எம்எஸ் தொடங்கி, மாணவர்கள் கையில் டேப்லெட்டும் கொடுத்தது. இன்று கல்லூரி நாளில் பாதி அதற்குள்தான் நடக்கிறது.

மாரிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. "மிஸ், ஒவ்வொரு பாடத்துக்கும் கீழ பேசிக்கிறதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அதுல நீங்களும் எழுதுறதில்ல, நாங்களும் எழுதுறதில்ல. அப்புறம் எதுக்கு அதை வெச்சாங்க?"

அந்த இடத்தை வைத்தது யார், என்ன நினைத்து வைத்தார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன்.

கணினி வழிக் கல்வியின் கதையை எங்கே தொட்டாலும் அது முதலில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1960-ல் அங்கே டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ என்ற ஏற்பாட்டில், திரையில் பாடம் வரும், கேள்வி வரும், மாணவர் பதிலைத் தட்டினால் சரியா தவறா என்று கணினி சொல்லும். தொடுதிரையைக்கூட 1972-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச அதில் இடமில்லை. 1973-ல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞர், கணினியில் ஏற்படும் கோளாறுகளை எல்லோரும் எழுதி வைக்க ஒரு நிரல் எழுதினார். பிளேட்டோ நோட்ஸ் என்று பெயர். கோளாறு எழுத வந்தவர்கள் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் பேச ஆரம்பித்தார்கள். பேசும் இடத்தின் ஒரு வேர் இது.

அடுத்த கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1990-களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மர்ரே கோல்ட்பெர்க் வெப்சிடி என்ற மென்பொருளை உருவாக்கினார். உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் அதை வாங்கின. பிறகு பிளாக்போர்டு நிறுவனம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அது வியாபாரத்தின் கதை, எனக்குத் தேவைப்பட்ட பதில் அதில் இல்லை.

வெப்சிடி வாங்கிய இடங்களில் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக் கர்டின் பல்கலைக்கழகம். அங்கே அதை நிர்வகிக்கும் வேலையில் இருந்தவர் மார்ட்டின் டூகியாமஸ். அந்த மென்பொருளில் திருப்தி இல்லாமல், 1999 வாக்கில் தானே ஒன்றை எழுதிப் பார்க்கத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று அதன் முதல் பதிப்பு வெளியாயிற்று. அதுதான் மூடுல். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பணமில்லாத கல்லூரிகள் உலகம் முழுவதும் அதை எடுத்துக்கொண்டன. எங்கள் கல்லூரியும் அவற்றில் ஒன்று.

டூகியாமஸைப் பற்றிப் படித்தபோதுதான் தேடல் திசை மாறியது. அவர் வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சிற்றலை வானொலியில் ஆசிரியர் பேசுவார், பாடத் தாள்களை விமானம் கொண்டுவந்து கொடுக்கும். வானொலிப் பள்ளி என்று அதற்குப் பெயர். அப்படிப் படித்த பையன்தான் வளர்ந்து மூடுலை எழுதினார்.

இந்த இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாலைவனத்தின் விளிம்பில் இருப்பது கல்கூர்லி. எங்கள் ஊரைப் போலவே தங்கம் தோண்டி வளர்ந்த ஊர். கர்டின் பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பள்ளி 1902-ல் பக்கத்து ஊரான கூல்கார்டியில் தொடங்கி, மறு ஆண்டு கல்கூர்லிக்கு இடம் மாறியது. அதே 1902-ல்தான் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துத் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தங்கம் இருந்ததால் எங்களுக்கு மின்சாரம் முதலில் வந்தது. அந்தப் பாலைவனத்து வீடுகளுக்கோ வானொலி வந்த பிறகும் மின்சாரம் வரவில்லை.

மின்சாரமே இல்லாத வீட்டில் வானொலி எப்படிப் பேசும்? அடிலெய்டு நகரத்து ஆல்ஃபிரட் டிரேகர் 1920-களின் கடைசியில் அதற்கொரு வழி செய்தார். சைக்கிள் பெடலை மேஜைக்கு அடியில் பொருத்தி, காலால் மிதித்தால் மின்சாரம் உண்டாகிப் பேச முடிகிற கருவி. மருத்துவரை விமானத்தில் வரவழைப்பதற்காக ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவைக்குத்தான் முதலில் அது பயன்பட்டது. நோய்க்கு வந்த கருவி வீட்டுக்கு வீடு பேச்சுக்கும் உதவியது. ஆள் வாடையே அறியாமல் வளர்ந்த கூச்சமுள்ள குழந்தைகள்கூட வானொலியில் தயங்காமல் பேசுவதை அடிலெய்ட் மீத்கே என்ற பள்ளி ஆய்வாளர் அம்மையார் கவனித்தார். இதையே பள்ளிக்கூடமாக்கினால் என்ன என்று கேட்டவர் அவர்தான். 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வானொலிப் பள்ளி திறக்கப்பட்டது.

அந்தப் பள்ளியின் தொடக்க காலக் குறிப்பு ஒன்றில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. முதலில் பாடங்கள் ஒருவழியாகத்தான் போயின. ஆசிரியர் பேசுவார், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது போதவில்லை என்று வெகு சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி-பதில் நேரம் ஒன்றைச் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு குழந்தை கேட்கும், மற்றக் குழந்தைகளெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பாடத்துக்குக் கீழே பேசுவதற்கு ஓர் இடம் என்றால் இதுதான். டூகியாமஸ் தன் முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் சேர்ந்து பேசி, சேர்ந்து உருவாக்கிக் கற்பது பற்றித்தான். மூடுலில் அந்த இடம் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது.

இதை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நம்ம பூதிகோட்டையிலயும் ஒரு ரேடியோ இருந்துச்சாமே மிஸ், எங்க பாட்டி அதுல பேசியிருக்காங்க" என்றான்.

பூதிகோட்டை எங்கள் பங்காரப்பேட்டை வட்டத்து ஊர். ஹைதர் அலி பிறந்த இடம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். மார்க்கண்டேய அணைக்குச் சுற்றுலா போயிருக்கிறோம். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றித் தங்கவயல்காரர்களுக்கு அக்கறை இருந்ததில்லை. உலகம் முழுவதும் சமூக வானொலியைப் பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் குறிப்பிடும் ஊர் அது என்று தெரிந்தபோது, எனக்கு வெட்கத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகமாக இருந்தது.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் தாங்களாக வானொலி நடத்த அரசு அனுமதி தரவில்லை. பெங்களூரின் வாய்சஸ், மைராடா என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து, யுனெஸ்கோ உதவியோடு பூதிகோட்டையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தன. நம்ம த்வனி என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் சங்கத்தினரும் உள்ளூர் இளைஞர்களும் நிகழ்ச்சி தயாரித்தார்கள். வானலையில் விடக் கூடாது என்பதால் பதிவு செய்ததை ஒலிபெருக்கியில் போட்டார்கள். 2003 வாக்கில் கேபிள் டிவிக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு அனுப்பினார்கள். சட்டம் வானத்தைத்தான் மூடியிருந்தது, கம்பியை யாரும் தடுக்கவில்லை.

கணினியும் இந்த ஊருக்கு வந்தது. யுனெஸ்கோவும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஈ-என்ரிச் என்ற இணைய மென்பொருளைச் சோதித்துப் பார்த்த இடங்களில் நம்ம த்வனியும் ஒன்று. ஊருக்கு வேண்டிய தகவலை ஊர்க்காரர்களே தங்கள் மொழியில், எழுத்தாகவும் ஒலியாகவும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். பெர்த்தில் மூடுல் வெளியான அதே ஆண்டுகளில், பங்காரப்பேட்டை வட்டத்தில் இது நடந்திருக்கிறது. என் கல்லூரி கணினி ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து ஊரிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பையனின் பாட்டியைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், என்னோடு தமிழ். "மொதல்ல மைக்கைப் பார்த்தா நடுக்கம் டீச்சரம்மா. எழுதப் படிக்கத் தெரியாதே, என்னாத்தைப் பேசறதுன்னு. அப்புறம் சங்கத்துல கணக்கு எப்படி வெக்கிறோம்னு சொல்லச் சொன்னாங்க. அது எனக்குத் தெரியுமே! பேசினேன்" என்றார். நான் மூன்று ஆண்டு பாடமாக நடத்துவதன் முதல் அத்தியாயத்தை அந்த அம்மா கம்பி வழியாக ஊருக்கே நடத்தியிருக்கிறார்.

கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்ற அனுமதி 2002 முடிவில் வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் நாட்டின் முதல் வளாக சமூக வானொலியாகப் பேசத் தொடங்கியது. தொண்டு அமைப்புகளுக்கு 2006-ல்தான் கதவு திறந்தது. ஆகவே கல்லூரிகளுக்கு முன்னுரிமை கிடைத்தது. அந்த முன்னுரிமையை எத்தனை கல்லூரிகள் எடுத்துக்கொண்டன என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் பாடப்பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தேன். மூடுலின் 3.5 பதிப்பு 2018-ல் வந்ததிலிருந்தே, எழுதும் பெட்டியில் ஒலிவாங்கிப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் குரலைப் பதிவு செய்யும். அத்தனை நாளும் அது என் கண்ணெதிரே இருந்தது. தேய்மானம் பற்றிய பாடத்துக்குக் கீழே, எந்த மொழியிலும் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள் என்று போட்டேன். பரீட்சை ஆங்கிலத்தில்தான், மதிப்பெண்ணும் அதற்குத்தான். ஆனாலும் பேசினார்கள். சாம்பியன் பகுதியிலிருந்து வரும் ஒருவன், சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டிய தன் தாத்தாவைப் பற்றித் தமிழில் பேசினான். இயந்திரம் தேய்ந்தால் வேறு வாங்கலாம், சுரங்கத்துக்குள் இருக்கும் தங்கம் தீர்ந்தால் வாங்க முடியாது, அதனால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றல்ல என்றான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடிய கதையை அதோடு சேர்த்துச் சொன்னான். அவன் பேச்சுக்குக் கீழே மற்றவர்கள் உருதுவிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேள்வி கேட்டார்கள். நான் ஒலிப்பதிவுகளைக் கேட்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பிடிஎஃப்களைத் திருத்திய எந்த மாலையும் அப்படிக் கழிந்ததில்லை.

எல்எம்எஸ்ஸில் எவ்வளவு ஏற்றினோம் என்பதை அளக்கிறோம், யார் பேசினார்கள் என்பதை அளப்பதில்லை. அளவுகோலை மாற்றும் அதிகாரம் என்னைப் போன்றவர்களிடம் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்க முடியும்.

பூதிகோட்டையில் அந்த நாட்களில் ஒலிவாங்கிமுன் பேசியவர்கள், நிகழ்ச்சி தயாரித்தவர்கள், பழைய ஒலிநாடாவோ குறுந்தகடோ வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பிரதியைத் தங்கவயலிலோ பங்காரப்பேட்டையிலோ இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். அதைப் பாடப்பக்கத்தில் ஏற்றி மாணவர்கள் காதில் சேர்க்கும் வேலையை ஆசிரியர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.