எலும்பில் எழுதிய வினாக்கள்

எழுத்து எதற்காகத் தோன்றியது என்னும் வினா இலக்கண வகுப்புகளில் அவ்வப்போது எழுவதுண்டு. வாணிகக் கணக்கிற்காக என்பர் சிலர். மன்னரின் ஆணையைக் காக்க என்பர் வேறு சிலர். சீன நாட்டின் பழைய எழுத்துகளைப் பற்றிப் படிக்கப் புகுந்த நமக்கோ பிறிதொரு காட்சி தோன்றிற்று. அந்நாட்டில் இன்று பேரளவில் கிடைக்கும் மிகத் தொன்மையான எழுத்துகள், நாளை என்ன நேருமோ என்னும் அச்சத்தின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை.

ஹெனான் மாநிலத்தில் அன்யாங் நகரை அடுத்துள்ளது சியாவோதுன் என்னும் சிற்றூர். ஷாங் மரபினரின் இறுதித் தலைநகரம் அங்கே மண்ணுள் புதைந்து கிடந்தது. கி.மு. 1250 அளவிலிருந்து, கி.மு. 1046 அளவில் அம்மரபு வீழ்ந்தது வரை, அம்மன்னர்கள் ஆமையின் அடியோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்டு வந்தனர்.

குறி கேட்ட முறை நுணுக்கமானது. ஓட்டையும் எலும்பையும் தூய்மை செய்து, சுரண்டி, மெருகேற்றுவர். பின்புறத்தில் நீள்வட்டமான பள்ளம் ஒன்றும் அதனை ஒட்டி வட்டமான குழி ஒன்றுமாக வரிசை வரிசையாகக் குடைவர். முழுவதும் துளைத்துவிடாமல் மெல்லிய படலம் எஞ்சுமாறு குடைவதிலேதான் கைத்திறன் இருக்கிறது. பின்னர் வினாவை உரக்கச் சொல்லி, அக்குழியில் தீக்கங்கு போன்ற வெம்மையான பொருளை வைப்பர். முன்புறத்தில் நெடுக்காக ஒரு வெடிப்பும், அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளையும் தோன்றும். அவ்வடிவமே இன்றும் சீன மொழியில் குறி கேட்டலைச் சுட்டும் எழுத்து: ஒரு செங்குத்துக் கோடும் சிறு கிளையும். அதன் பண்டைய ஒலிப்பே எலும்பு வெடிக்கும் ஓசையைப் பின்பற்றியது என்று கருதுவாரும் உளர். வெடிப்பைக் கண்டு பலன் சொல்லும் உரிமை பெரும்பாலும் மன்னனுக்கே இருந்தது. பின்னரே எழுத்துகள் பொறிக்கப்பட்டன. எந்நாளில் எவர் கேட்டார், என்ன கேட்டார், மன்னன் என்ன சொன்னான் என்பன அவற்றில் உண்டு; சிலவற்றில் மட்டும், உண்மையில் என்ன நிகழ்ந்தது என்பதும் உண்டு.

வினாக்களைப் படிக்கும்போது வியப்பைக் காட்டிலும் இரக்கமே நமக்கு மிகுந்தது. மழை பெய்யுமா? விளைச்சல் கிட்டுமா? இப்பகைவர் மீது படையெடுக்கலாமா? மன்னனின் பல்வலிக்கு எந்த மூதாதையின் சினம் காரணம்? அவன் கண்ட கனவு தீங்கு தருமா? அவர்களுடைய வாரம் பத்து நாள் கொண்டது. ஒவ்வொரு பத்து நாளின் முடிவிலும், வரும் பத்து நாளில் இடர் இல்லைதானே என்று கேட்டனர். அடுத்த பத்தாம் நாள் மீண்டும் அதே கேள்வி. பல வினாக்களை உடன்பாட்டிலும் எதிர்மறையிலுமாக இருமுறை கேட்டு, ஓட்டின் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக எழுதினர். படை நடத்திய பெருவேந்தன் ஒருவன் தன் பல்வலிக்கு ஆமையோட்டைச் சுடுகிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே ஓடுகளில், மூதாதையர்க்குப் பலியிடப் போர்க்கைதிகள் எத்தனை பேர் வேண்டும் என்ற வினாவும் உண்டு. அவ்விடத்தில் நம் இரக்கம் மன்னனை விட்டு நீங்கிவிடுகிறது.

மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது என்பது நம் நம்பிக்கை. அம்புகளைக் கொண்டு குறி பார்த்த அறியாமைக் கால வழக்கத்தைத் திருமறை தடுத்துவிட்டது. ஆகவே குறி கேட்டல் என்னும் செயலில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவ்வெலும்புகள் நமக்கு முற்றிலும் அயலானவையாகத் தோன்றவில்லை. இறைவசனங்கள் அருளப்பெற்ற நாளில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எழுத்தர்கள் பேரீச்ச மட்டைகளிலும் வெண்கற்களிலும் விலங்குகளின் தோள்பட்டை எலும்புகளிலும் அவற்றை எழுதி வைத்தனர் என்பதை நாம் இளமை முதல் கேட்டிருக்கிறோம். தாள் பரவாத காலத்தில் தோள்பட்டை எலும்பின் அகன்ற பரப்பு எழுதுவோர் கைக்கு இயல்பாக வந்து சேர்ந்தது போலும். அன்யாங்கிலும் மதீனாவிலும் எழுதுபொருள் ஒன்றாக இருந்தது. எழுதப்பட்டதோ முற்றிலும் வேறு.

இவ்வெலும்புகள் வெளிப்பட்ட வரலாறு கொஞ்சம் கசப்பானது. சியாவோதுன் உழவர்கள் நிலத்தில் அகப்பட்ட எலும்புகளைக் 'டிராகன்' என்னும் புராண விலங்கின் எலும்பென்று மருந்துக் கடைகளுக்கு விற்று வந்தனர். அங்கே அவை பொடியாக்கப்பட்டன. கீறல் உள்ள எலும்புக்கு விலை குறைவு என்று எழுத்துகளைச் சுரண்டிவிட்டு விற்றனர் என்றும் சொல்வர். எத்தனை மன்னர்களின் வினாக்கள் நோயாளிகளின் வயிற்றில் கரைந்தனவோ!

1899ஆம் ஆண்டில் பெய்ஜிங் அரச கல்விக் கழகத்தின் தலைவர் வாங் யீரோங் என்பார் அக்கீறல்கள் பழைய எழுத்துகளே எனக் கண்டார். அவர் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது வந்த மருந்துப் பொதியில் அவற்றைக் கண்டார் என்பது கதை. கேட்க இனிய கதைதான். ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. வணிகர்களே அவரிடம் கொண்டுவந்து காட்டினர் என்பதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. மறு ஆண்டு எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கினுள் புகுந்தபோது, நகரக் காவலில் பொறுப்பேற்றிருந்த அவர் கிணற்றில் வீழ்ந்து உயிர்நீத்தார். அவர் சேர்த்தவற்றுள் பலவற்றை வாங்கிய லியூ ஏ என்னும் அறிஞர் 1903இல் மைப்படிகளாக நூலிட்டார். அவரும் நாடுகடத்தப்பட்டு 1909இல் மாண்டார்.

வணிகர்கள் எலும்பு கிடைத்த ஊரை மறைத்து வைத்திருந்தனர். 1908இல் லோ ஜென்யூ அதனைக் கண்டறிந்தார். 1917இல் வாங் குவோவெய் எலும்புகளில் வரும் மூதாதையர் பெயர்களை வரிசைப்படுத்தி, சீமா சியன் தம் வரலாற்று நூலில் தந்த ஷாங் மன்னர் பட்டியலோடு ஒப்பிட்டார். இரண்டும் பெரிதும் ஒத்தன. சீமா சியனோ அம்மரபு அழிந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். வெறுங்கதை என ஒதுக்கப்பட்டிருந்த ஓர் அரச மரபு இவ்வாறு வரலாற்றினுள் வந்து அமர்ந்தது. 1928இல் முறையான அகழாய்வு தொடங்கிற்று. 1936இல் ஒரே குழியில் 17,096 துண்டுகள் கிடைத்தன. அவற்றினூடே ஒரு மனிதனின் எலும்புக்கூடும் இருந்தது. இதுகாறும் கிடைத்தவை ஒன்றரை இலட்சம் துண்டுகள் அளவினவாகும். அவற்றிலுள்ள ஏறத்தாழ 4,500 வேறுபட்ட எழுத்துகளில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்கே பொருள் தெளிவாகியுள்ளது.

இத்தனையுள்ளும் நம்மை உறங்கவிடாத ஓடு ஒன்று உண்டு. வூ டிங் என்னும் மன்னனின் துணைவியருள் ஒருத்தி ஃபூ ஹாவ். படைகளுக்குத் தலைமை தாங்கியவள், வேள்விகளை நடத்தியவள். அவள் கருவுற்றிருந்தபோது, மகப்பேறு நலமாக அமையுமா என்று குறி கேட்கப்பட்டது. குறிப்பிட்ட சில நாள்களில் பிறந்தால் நன்று என மன்னன் பலன் கூறினான். மூன்று வாரமும் ஒரு நாளும், அஃதாவது முப்பத்தொரு நாள், கழிந்து 'ஜியாயின்' என்னும் நாளில் அவள் ஈன்றாள். நலமாக அமையவில்லை, பெண் குழந்தை என்று எழுத்தன் பொறித்து வைத்தான்.

இதனை வகுப்பில் சொன்னபோது மாணவியர் பகுதியில் ஓசை அடங்கிற்று. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்தோரைத் திருமறை கடிந்துரைப்பதை அவர்கள் அறிவர். அம்முகம் அரபு நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று கண்டனர். ஒரு மாணவி எழுந்து, "அந்தக் குழந்தை என்ன ஆயிற்று, ஐயா?" என்று வினவினாள்.

தாயைப் பற்றிச் சொல்ல நமக்குச் செய்தி இருந்தது. 1976இல் அவளுடைய கல்லறை, கள்வர் கைபடாமல், அன்யாங்கில் கிடைத்தது. 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் பொருள்கள், அவளுடைய பெயர் வார்க்கப்பட்ட கலங்கள், போர்க்கோடரிகள் ஆகியன அதில் இருந்தன. மகளைப் பற்றிச் சொல்ல, பிறந்த நாள் ஒன்றே இருந்தது. உடன்பாட்டு வினாவின் கீழ் ஒருமுறையும் எதிர்மறை வினாவின் கீழ் ஒருமுறையுமாக, அவள் பிறப்பு அவ்வோட்டில் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. பெயர் ஓரிடத்திலும் இல்லை.