விஸ்வநாதனிடம் வேலை கேட்ட பாட்டு

சங்கீதத்தில் நவரஸங்களும் உண்டென்று பெரியோர்கள் சொல்கிறார்கள். ஆனால் நம்முடைய ஸினிமா ரஸிகர்களோ சோகம் ஒன்றையே ரஸமென்று தீர்மானித்துவிட்டார்கள் போலும்! கதாநாயகி அழுது பாடினால், "அடடா! என்ன பாட்டு!" என்று நாமும் கூடவே கண்ணைத் துடைத்துக் கொள்கிறோம். கதாநாயகன் சிரித்துக் கொண்டு பாடினாலோ, "ஏதோ வேடிக்கை" என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம். இந்த அநியாயத்துக்கு ஒரு சிறு பரிகாரமாக, சந்தோஷப் பாட்டு ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

1964-ம் வருஷம் ஸ்ரீதர் டைரக்ட் செய்து, வர்ணத்தில் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தை நேயர்களில் அநேகர் பார்த்திருப்பார்கள். அதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா வருகிறார். அவரிடம் உத்தியோகம் பார்த்த இளைஞனுக்கு, முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட சச்சரவினால் வேலை போய்விடுகிறது. அந்த இளைஞனாக வருகிறவர் ரவிச்சந்திரன். அவருக்கு அதுதான் முதல் படம். வேலை போனவன் என்ன செய்கிறான்? முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடிக்கிறான். தோழர்களைச் சேர்த்துக் கொண்டு, வேலை வேண்டும் என்று கோஷம் போட ஆரம்பிக்கிறான். அந்தக் கோஷமே பாட்டாகிவிடுகிறது.

பாட்டை எழுதியவர் கண்ணதாசன். இசை அமைத்தவர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். ஆகவே, கதையில் வேலை கொடுக்க வேண்டியவர் பெயரும் விஸ்வநாதன். மெட்டுப் போட்டவர் பெயரும் விஸ்வநாதன்! பாட்டைக் கேட்கும்போது இந்தப் பெயர்ப் பொருத்தம் ஞாபகத்துக்கு வந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். முக்கியமான குரல் பி. பி. ஸ்ரீநிவாஸுடையது. மிருதுவான பாட்டுக்களுக்குப் பெயர் போன அந்தக் குரல், இங்கே மேனாட்டுத் தாளத்தின் மேல் ஏறிக் குதியாட்டம் போடுகிறது. பின்னால் கோஷ்டி எழுப்பும் கோஷம் ஊர்வலத்தின் கோஷந்தான். ஆனால் அதைக் கேட்டால் கை ஓங்கத் தோன்றவில்லை, தாளம் போடத்தான் தோன்றுகிறது.

நாம் வசிக்கும் நல்லூர், திருப்பூரைச் சேர்ந்தது. 2011-ல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. இங்கே வேலை கேட்பது என்பது வேடிக்கையான சமாசாரம் அல்ல. டெய்லர் தேவை, செக்கிங்குக்கு ஆள் தேவை என்று பனியன் கம்பெனிகளின் வாசலில் பலகை தொங்குவதும், அதைப் பார்த்து உள்ளே போய் விசாரிப்பதும், ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புவதும், சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்பார்ப்பதும் இந்த ஊரின் நித்திய வாழ்க்கை. 1984-ம் வருஷம் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த 127 நாட்களிலும் அடுப்பை எரியவிடப் பாடுபட்ட குடும்பங்களுக்கு அது பாட்டும் கூத்துமாக இருந்திராது.

"அப்படியானால், பசியோடு சம்பந்தப்பட்ட விஷயத்தை இப்படிக் கேலிக் கூத்தாக்கலாமா?" என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஸினிமாவில் அந்த இளைஞனுடைய கஷ்டம் காதலினால் தீர்ந்து போகிறது. முதலாளியின் பெண்ணே அவனுக்கு மனைவியாகிறாள். நம் ஊரில் அப்படித் தீர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை! இங்கே கூலி, பேச்சு வார்த்தையினாலும் ஒற்றுமையினாலும்தான் உயர்ந்திருக்கிறது.

ஆனால் பாட்டில் சிரிப்புக்கு ஆளாகிறவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை இழந்தவனைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. மாடியில் நின்று கோபத்தினால் துடிக்கும் பணக்காரரைப் பார்த்தல்லவா சிரிக்கிறோம்? கீழே நிற்பவன் பிச்சை கேட்கவில்லை. கும்பிட்டுக் கெஞ்சவும் இல்லை. உழைக்கத் தயாராக இருக்கிறேன், இடம் கொடு என்று நிமிர்ந்து நின்று கேட்கிறான். அவனிடம் கல் இல்லை, கழி இல்லை, பாட்டுத்தான் இருக்கிறது. பலாத்காரம் இல்லாமல் எதிரியின் வாசலில் உட்கார்ந்தே அவனைத் திணற அடிக்கலாம் என்பதைக் காந்தி மகான் நமக்குக் கற்றுக் கொடுத்தார். 1932-ல் அடி விழுந்தபோதும் கொடியை விடாத குமரனை அந்தப் பாடத்துக்காகவே பலி கொடுத்த ஊர் இது. அந்தப் பெரிய பாடத்தைச் சிரித்துக் கொண்டே ஒரு தரம் ஒப்பிக்கிறது இந்தச் சின்னப் பாட்டு.

இந்தக் கதையை 1966-ல் ஸ்ரீதரே ஹிந்தியிலும் படமாக்கினார். இன்று திருப்பூருக்கு வடக்கேயிருந்து ரயிலேறி வரும் இளைஞர்கள் ஹிந்தியிலும் ஒடியாவிலும் வேலை கேட்கிறார்கள். பாஷை எதுவானால் என்ன? கேட்கிறவன் குரல் ஒன்றுதான். திருப்பூரில் கோயில் கொண்டிருக்கும் ஸ்வாமிக்கு விஸ்வேஸ்வரர் என்று திருநாமம். விஸ்வநாதர் என்றாலும் பொருள் அதுவே. அவர் சந்நிதியில் இந்த ஊர் தினந்தோறும் செய்யும் பிரார்த்தனையும் ஏறக்குறைய அந்தப் பாட்டின் பல்லவிதான்!

நேயர்கள் அடுத்த முறை ரேடியோவில் இந்தப் பாட்டைக் கேட்டால், வேடிக்கை என்று தள்ளாமல் முழுவதும் கேட்கும்படி கேட்டுக் கொள்கிறோம். வேலை கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பதை இவ்வளவு குதூகலமாக எடுத்துச் சொன்ன பாட்டு, நமக்குத் தெரிந்த மட்டில், வேறில்லை.