இரண்டு வகைக் காத்திருப்பு

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், நான் வேலையில் இருந்த காலத்திலேயே பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்லும்படி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். 1990களின் நடுவில் அப்படி வந்தவர்கள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. புதுச்சேரியில் ஓர் இல்லத்தில் இருந்த பெண் குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள்.

கையில் தடித்த ஃபைல். தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அவர்கள் ஊரில் கொடுக்கும் ‘அக்ரெமான்’, வீட்டுக்கு வந்து விசாரித்தவரின் அறிக்கை, சம்பளச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் இருந்தன. “கல்யாண சர்டிபிகேட் எங்கே?” என்றார் வக்கீல் குமாஸ்தா. பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே திருமணத்தைக் குறித்திருப்பார்கள் என்று காட்டினேன். “ஓரத்துல எழுதினதை கோர்ட்டு ஒத்துக்காது சார்” என்றார். தனிச் சான்றிதழ் தபாலில் வரச் சில வாரங்கள் ஆயின.

அப்போது வெளிநாட்டவர் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டில் காப்பாளர் உத்தரவு வாங்கி, குழந்தையை அழைத்துப்போய், தங்கள் நாட்டில்தான் தத்தை முடிக்கவேண்டும். அதற்குமுன் இந்தியப் பெற்றோர் கிடைக்கிறார்களா என்று பார்க்கவேண்டும், பெற்றவள் மனம் மாற அவகாசம் தரவேண்டும் என்று 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. குழந்தையை யாரும் விலைபேசாமல் இருக்க வந்த விதிகள் இவை. இந்தக் காத்திருப்பை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எல்லாம் முடிந்தபிறகு, ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்காக அந்த ஃபைல் ஐந்து வாரம் கிடந்தது. யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அதிகாரி கேம்ப் போயிருந்தார், திரும்பினார், ஃபைல் கட்டுக்கு அடியில் இருந்தது. அவ்வளவுதான். முதலில் அனுப்பிய போட்டோவில் குழந்தைக்குப் பத்து மாதம். அந்த அம்மாள் அந்த அளவுக்கே கவுன் வாங்கி வைத்திருந்தார். உத்தரவு வந்தபோது குழந்தை நடந்துகொண்டிருந்தது. கவுனை மடியில் விரித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. பெற்றவள் யோசிக்க 60 நாள்; தத்து உத்தரவுக்கு இரண்டு மாதக் கெடு. 2022 முதல் அந்த உத்தரவு கலெக்டரிடமே வருகிறது. கலெக்டர் ஆபீசில் வேறு வேலைகளும் மலையாகக் குவியும் என்பது நமக்குத் தெரியும். உங்கள் பிள்ளையோ மருமகளோ அங்கே வேலையில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: கட்டில் தத்து ஃபைல் இருந்தால் அதை மேலே எடுத்து வைக்கட்டும்.