மரப்பாச்சி பிறந்த மலை

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு சாலை வழியே சுமார் 70 கி.மீ. சந்திரகிரியை நெருங்கும்போது சேஷாசலம் மலைத்தொடர் இடதுபுறம் கூடவே வருகிறது. பக்தர்களின் கண் ஏழுமலையானைத் தேடுகிறது. கற்பாங்கான சரிவுகளில் நிற்கும் செம்மரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. உலகில் இது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். அதிலும் பெரும்பகுதி ஆந்திரத்தில்.

தமிழ் வீடுகளுக்கு இந்த மரம் அந்நியமல்ல. நவராத்திரி கொலுவில் ராஜா-ராணியாக நிற்கும் மரப்பாச்சி, மரபாகச் செம்மரத்தில் கடைந்தது. திருப்பதிக்குப் போனவர்கள் லட்டோடு வாங்கி வந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் போனது. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை, நல்லதுதான் என்று நம்பினார்கள்.

ஐரோப்பியர் தலையணைக்கடியில் வைக்கும் லாவெண்டருக்கு மணமே மூலதனம். செஞ்சந்தனத்துக்கோ மணம் கிடையாது. அதன் பெருமை நிறத்திலும் குளிர்ச்சியிலும்தான். கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து, வீக்கத்துக்கும் தலைவலிக்கும் பற்றுப் போடுவார்கள். சூரிய பூஜையிலும் அதற்கு இடமுண்டு. மரப்பாச்சியை உரசிக் கைக்குழந்தைக்குப் புகட்டும் வழக்கமும் இருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவர்களின் அறிவுரை. அதோடு, கடையில் கிடைப்பது வேறு மரத்தில் செய்து சாயம் பூசிய பொம்மையாகவும் இருக்கலாம். அசல் செம்மரத்தின் வைரம் தண்ணீரில் மூழ்கும். மிதந்தால் சந்தேகப்படுங்கள்.

பாட்டியின் கைமருந்துக்கு ஒரு விரற்கடை போதும். சீனாவின் ஆடம்பர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் மரமே வேண்டும். கடத்தல் அங்கிருந்துதான் வேர்விடுகிறது. 1995 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தும் வெட்டு நிற்கவில்லை. 2021-ல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையில் இது மீண்டும் சேர்க்கப்பட்டது.

வெட்டப் போகிறவர்களில் பலர் ஜவ்வாது மலை போன்ற இடங்களைச் சேர்ந்த தமிழ்நாட்டுக் கூலிகள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, சந்திரகிரிக்கு அருகே இதே காடுகளில் 20 பேர் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். செத்தவர்கள் ஏழைகள். சரக்கின் முழு விலையைக் கண்ணால் கண்டிராதவர்கள்.

மரப்பாச்சிக்காகக் காடு அழியவில்லை. ஆனாலும் அந்தப் பொம்மையைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கும் வீடுகள் ஒன்று செய்யலாம். புதிது தேடாமல், பாட்டி கொடுத்ததையே பேத்திக்குக் கொடுக்கலாம். வைரம் பாய்ந்த மரம். இன்னும் பல தலைமுறை தாங்கும்.